புகை விட்டவர்கள்

ஜனவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளை இன்னும் அதே பதினெட்டாம் நம்பர் பஸ்ஸைத்தான் ஓட்டுகிறாரா?

என் போன் கெட்டுப்போய்விட்டது. ஸ்பீக்கர் போய்விட்டது என்கிறான் ரிப்பேர் கடைக்காரன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, கடிதத்திலாவது ஒரு விஷயத்தைப் பேசி முடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன்.

எங்கள் குடியிருப்புக்கு ஒரு புது வியாதி வந்திருக்கிறது. பெயர், புகை விடுவோர் துணைக்குழு. நீ ஒரு தடவை வந்து பார்த்திருக்கிறாய், குடோன்களுக்குப் பின்னால் ஆறு கட்டடம். ஆறிலும் லிஃப்ட் உண்டு, ஆறும் ஓடாது. ஊரெல்லாம் லிஃப்ட் பழுதுபார்க்கிற நான் என் வீட்டுக்கு ஐந்து மாடி ஏறித்தான் போகிறேன். இங்கே இருப்பதைத் தொட எனக்கு அனுமதி இல்லை, அது வேறு கம்பெனியின் ஒப்பந்தம். காய்ச்சல் என்றால் மருந்தகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். குப்பை வண்டி அதற்குத் தோன்றும்போது வரும். ஆனால் சிகரெட் மட்டும் எந்தக் கட்டடத்திலிருந்து இறங்கினாலும் ஐம்பது அடிக்குள் கிடைக்கும். இப்படிப்பட்ட இடத்துக்குச் சுகாதார அலுவலகம் டாக்டரை அனுப்பவில்லை. ஒரு பேனர் அனுப்பியது, நூறு துண்டுப் பிரசுரம் அனுப்பியது, எங்கள் இஸ்திரிக்காரம்மாவைக் கூப்பிட்டு மூன்று நாள் பயிற்சி கொடுத்து அனுப்பியது. எங்களைத் திருத்த அது போதும் என்று அங்கே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

அந்த அம்மா என் சட்டையைத் தேய்த்துக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் சொல்கிறார்:

"அண்ணே, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு பம்ப் ரூமுக்கு வாங்க."

"எதுக்கு?"

"சிகரெட்டை விடறதுக்கு."

"நீங்க என்ன டாக்டரா?"

"டாக்டர் இல்ல. இருபத்திரண்டு வருஷம் பிடிச்சவ. நீங்க எல்லாரும் தெருவில நின்னு பிடிச்சீங்க. நான் இந்த வண்டிக்குப் பின்னால குனிஞ்சு, இஸ்திரிப் பெட்டிப் புகையோட சேத்து விட்டேன். யாருக்கும் தெரியல."

"அதான் என் சட்டையில ஒரு நாத்தம் இருந்துதா?"

"உங்க சட்டை வரும்போதே அப்படித்தானே வந்துது."

இதுதான் எங்களுக்குக் கிடைத்திருக்கும் வைத்தியர். பிரசுரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பாடப்புத்தகம் திருத்துகிறவள் ஆயிற்றே, படித்துச் சிரி.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

*

ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதமும் அந்தக் காகிதமும் வந்து சேர்ந்தன. நான் நலமாக இருக்கிறேன். அண்ணியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? ஐந்து மாடியை நினைத்தால் எனக்கே கால் வலிக்கிறது.

பிரசுரத்தைச் சிவப்பு மையால் திருத்தி அனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் பதினான்கு பிழை. ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் இப்படி விட்டால் என்னை அச்சகத்து வாசலில் நிறுத்திவிடுவார்கள். தலைப்பைப் பாருங்கள், 'புகை விடுவோம், புது வாழ்வு பெறுவோம்'. புகை விடுவோம் என்றால் ஊதித் தள்ளுவோம் என்றும்தான் பொருள். எழுதியவருக்கு அது உறைக்கவில்லை, அச்சிட்டவருக்கும் உறைக்கவில்லை. படத்தில் புல்வெளி, ஊஞ்சல், வெள்ளைச் சட்டை போட்ட அப்பா, ஒரு நாய். உங்கள் ஆறு கட்டடத்தில் இந்தக் குடும்பம் எந்த மாடியில் இருக்கிறது? 'தாங்கள் தங்கள் மனவுறுதியைக் கைக்கொள்வீராக' என்று ஒரு வரி. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத ஒருவர், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுதி முடித்த வரி அது.

அவர்களைச் சொல்லி முடித்தேன். இனி உங்களைச் சொல்கிறேன்.

உங்கள் போன் கெடவில்லை. போன மாதம் பேசியபோது மூன்று தடவை போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்தீர்கள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இருமல் எனக்குக் கேட்கக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் கடிதம். ஊரில் உள்ள அத்தனை பேரையும் கேலி பேசுகிற வாய் உங்களுக்கு. விரல் நீளம்கூட இல்லாத ஒரு காகிதச் சுருளுக்கு முன்னால் மட்டும் கைகட்டி நிற்கிறீர்கள். இஸ்திரிக்காரம்மாவைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு என்ன தகுதி? அவர் விட்டுவிட்டார்.

மருந்தகத்துக்குப் போய்விட்டு எழுதுங்கள். போகாவிட்டால் எழுத வேண்டாம்.

உங்கள் தங்கை

*

பிப்ரவரி 10

அன்புள்ள தங்கைக்கு,

சாட்டையடிக் கடிதம் கிடைத்தது. அண்ணியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். உன் உடம்பையும் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லையே, வேலை அதிகமா?

சரி, இருமல் உண்மை. போன வாரம் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. மேலே மெஷின் அறைக்கு நடந்து ஏறினேன். ஒன்பதாவது மாடியில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே குடியிருக்கும் ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே யாரிடமோ சொல்கிறார், "மெக்கானிக் வந்துட்டாரு. ஆனா அவரே ரிப்பேரா உக்காந்திருக்காரு." நான் சொல்ல வேண்டிய வசனத்தை அவர் சொல்லிவிட்டார். அதுதான் ஆத்திரம்.

மருந்தகத்துக்குப் போனேன். படம் எடுத்தார்கள். கட்டி ஏதும் இல்லை. மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டதாம், சுருங்கினது திரும்ப விரியாதாம், இதோடு நிறுத்தினால் இப்படியே காலம் தள்ளலாமாம். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நாற்பது பேர் வெளியே காத்திருந்தார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பம்ப் அறைக்குப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான். பெயிண்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு எட்டுப் பேர். நடுநடுவே மோட்டார் ஓட ஆரம்பிக்கும், அப்போது யார் பேசினாலும் கேட்காது, எல்லோரும் வாயைத் திறந்தபடி காத்திருப்பார்கள். பார்க்க அவ்வளவு கேவலமாக இருந்தது. இஸ்திரிக்காரம்மா புத்தி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார், "இன்னைக்கு மொதல் சிகரெட் எப்போ?"

லாரி ஓட்டுகிற ஒருவன் இருக்கிறான், குரலால் ஹாரன் என்று பெயர். அவன் சொன்னான், "பல் தேய்க்கறதுக்கு முன்னாடி."

"பல்லெல்லாம் தேய்க்கறது உண்டா?" என்றேன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஹாரனும் சிரித்தான்.

அங்கே ஆளுக்கொரு ஜோடி போட்டுவிடுகிறார்கள். இஸ்திரிக்காரம்மா என்னையும் ஹாரனையும் காட்டி, "வாய் அதிகமா இருக்கற ரெண்டு பேரும் ஒரு ஜோடி" என்றுவிட்டார். விதி ஒன்றே ஒன்று. கை பாக்கெட்டுக்குப் போனால், பற்ற வைப்பதற்கு முன் ஜோடியிடம் போய்ச் சொல்ல வேண்டும். "சொல்லிட்டு அப்புறம் பிடிங்க. யாரும் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டாங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டுகிறான். மூச்சு வாங்க நிற்கிறான்.

"அண்ணே, பிடிக்கப் போறேன்."

"போய்ப் பிடி. அஞ்சு மாடி ஏறி வந்து சொல்ல வெக்கமா இல்ல? உன் லாரிக்குக்கூட பிரேக் இருக்கு. உனக்கு என்ன இருக்கு?"

முறைத்துவிட்டு இறங்கிப் போனான். அன்று மத்தியானம் வரை அவன் பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. கோபத்தில் மறந்துவிட்டானாம். இதற்குப் பெயர் வைத்தியமா என்று நீயே சொல்.

உன் சிவப்பு மையை இஸ்திரிக்காரம்மா பார்த்தார். "தப்பு கண்டுபிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எழுதத் தெரியாதா? உங்க தங்கச்சியை ஒண்ணு எழுதித் தரச் சொல்லுங்க" என்கிறார். நேரமிருந்தால் எழுது.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

மருந்தகத்துக்குப் போனதற்கு நன்றி. அண்ணியின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அச்சகத்தில் வேலை நெரிக்கிறது, அதனால் நீட்டி எழுத முடியவில்லை. இஸ்திரிக்காரம்மா கேட்டது கீழே இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

முதல் நாள் பெருமையாக இருக்கும். எல்லோரிடமும் சொல்லத் தோன்றும்.

மூன்றாம் நாள் சாப்பாட்டில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவீர்கள். உப்பு சரியாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் நாள் குப்பை கொட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்புவீர்கள். அதுவரை அந்த வீட்டில் நீங்கள் குப்பை கொட்டியதே இல்லை. திரும்பி வரும்போது கொத்தமல்லியோ சோப்போ எதையாவது வாயிலும் கையிலும் தேய்த்துக்கொண்டு வருவீர்கள். வீட்டில் இருப்பவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி அவர் முகத்தை வைத்துக்கொள்வார்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பிடிப்பீர்கள். வாளி நிரம்பி வழியும்.

பிறகு ஒரு நாள், ஒன்றே ஒன்று என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்கிற குரல் உங்களுக்கே புதிதாக இருக்கும்.

வீட்டில் இருப்பவர் அன்று உங்களைத் திட்டுவார். அல்லது வாங்கிக் கொடுத்துவிடுவார். இரண்டும் உதவாது. இதே பாட்டைப் பட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஞாயிறு காலை பத்து மணி, பம்ப் அறை.

உங்கள் தங்கை

*

மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் அண்ணிக்குக் கால் வலி பரவாயில்லை. எனக்கு இன்றோடு பன்னிரண்டு நாள். முதல் நாள் சொல்லத் தோன்றும் என்று நீ எழுதியிருந்ததால், பன்னிரண்டாம் நாள் சொல்கிறேன்.

உன் காகிதத்தை இஸ்திரிக்காரம்மா பம்ப் அறையில் வாசித்தார். குப்பை கொட்டுகிற வரி வந்ததும் ஒரு சத்தம் இல்லை. மோட்டார்கூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. வாசித்து முடித்ததும் ஹாரன் கேட்கிறான், "இது என் பொண்டாட்டி எழுதினதா?" குழுவுக்கு வருகிற பேட்டரி கடைக்காரர் தலை குனிந்துகொண்டார். அவர் கையில் சோப்பு மணத்தது. அடுத்த வாரம் இன்னும் ஆறு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் பெண்கள். அந்த நாய்ப் படம் போட்ட காகிதத்தை இப்போது வாளிக்கு அடியில் ஆடாமல் இருக்க மடித்து வைத்திருக்கிறோம்.

நான் அங்கே ஒரு உத்தியோகத்துக்கு வந்துவிட்டேன். திட்டுகிற உத்தியோகம். என் ஜோடி ஹாரன்தான், ஆனால் மற்றவர்களும் வந்து நிற்கிறார்கள். "அண்ணே, ஒரு வாட்டி நல்லா திட்டுங்க, போயிடறேன்." சுகாதார அலுவலகத்து இனிப்புப் பேச்சைக் கேட்டால் இவர்களுக்கு உடனே ஒன்று பற்ற வைக்கத் தோன்றுகிறதாம். என் பேச்சைக் கேட்டால் என்னிடம் நிரூபித்துக் காட்டத் தோன்றுகிறதாம். எனக்கு இவர்கள் யார்மேலும் மரியாதை இல்லை என்று இவர்களுக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் பொய் சொல்வதில்லை போலிருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். நீ சிகரெட்டைத் தொட்டவள் இல்லை. குளியலறையில் வாளி நிரம்பி வழிவதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளையா? கல்யாணத்துக்கு முன்னால் நானும் அவரும் மொட்டை மாடியில் சேர்ந்து பிடித்தது உண்டு. அதெல்லாம் எப்போதோ விட்டுவிட்டார் என்றாயே. பதினெட்டாம் நம்பர் பஸ்காரர்தான் அந்தக் குப்பை கொட்டுகிற ஆள் என்றால் சொல். பம்ப் அறையில் பெயரோடு வாசித்துக் காட்டுகிறேன், பதினாலு பேருக்கும் நல்ல பொழுதுபோக்கு.

உடனே பதில் போடு.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, பதில் இல்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. ஆமாம், என் போன் வேலை செய்கிறது. நீ சொன்னது சரிதான். அண்ணி என் போன கடிதத்தின் நகல் வேண்டும் என்கிறாள். நகல் ஏது? என்ன எழுதினேன் என்று சொன்னேன். "உங்க வாய்க்கு ஒரு பூட்டு வேணும்" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். இருபத்தாறாம் நாள் நான் பிடித்துவிட்டேன். ஒரு கட்டடத்தில் வயதான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்கள். கையால் சுற்றி இறக்கி வெளியே எடுக்க முக்கால் மணி நேரம். அந்த அம்மா உள்ளேயிருந்து என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எல்லாம் முடிந்ததும் காவலாளி ஒன்றை நீட்டினார். யோசிக்கக்கூட இல்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் நான்கு.

விதிப்படி ஹாரன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நான் அவனைத் திட்டின திட்டுக்கு அன்று அவன் என்னை என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அவன், "எத்தனை?" என்றான்.

"நாலு."

"சரி, உள்ள வாங்க. சாப்பிட்டீங்களா?"

எனக்கு அவமானமாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பதினோரு நாள் கழித்துச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் மேடம் வந்தார். புகைப்படக்காரர், மேஜைத் துணி, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவர்களே கொண்டுவந்தார்கள். மூன்று மாதத்தில் அவர் இங்கே வருவது இதுதான் இரண்டாவது தடவை, பேனர் கட்டின அன்று முதல் தடவை. 'முழுமையாக விட்டவர்கள்' என்று பத்துப் பேருக்குச் சான்றிதழ். அதில் என் பெயரும் இருந்தது, ஹாரன் பெயரும் இருந்தது. இஸ்திரிக்காரம்மா பட்டியலில் எங்கள் பெயருக்கு டிக் போட மறுத்திருக்கிறார். அலுவலகத்திலேயே போட்டுக்கொண்டார்கள்.

மைக்கை என்னிடம் கொடுத்து, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க சார்" என்றார் மேடம்.

"பதினோரு நாளைக்கு முன்னால நாலு பிடிச்சேன் மேடம்."

அவர் சிரிப்பு மாறவில்லை. "பரவாயில்ல சார். இன்னைக்கு நிலவரப்படி பாத்தா..."

"இன்னைக்கு நிலவரப்படி இந்தக் காகிதம் பொய். இதை வாங்கிட்டு வீட்டுக்குப் போனா, அடுத்த தடவை நான் பிடிக்கும்போது யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒளிஞ்சுதான் பிடிப்பேன். அதுக்கு நீங்க எதுக்கு வரணும், நாங்களே நல்லா ஒளிவோம்."

பேட்டரி கடைக்காரர் எழுந்து தன் சான்றிதழை மேஜைமேல் வைத்தார். அப்புறம் ஒவ்வொருவராக வைத்தார்கள். இஸ்திரிக்காரம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். "நீங்க திட்டினதிலேயே இதுதான் நல்லா இருந்துது" என்றார் பிறகு.

பத்தே நாளில் கடிதம் வந்தது. இந்தக் குடியிருப்பில் இலக்கு எட்டப்படவில்லையாம், திட்டம் வேறு பகுதிக்கு மாற்றப்படுகிறதாம். பேனரைக் கழற்றிக்கொண்டு போனார்கள், பம்ப் அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். இப்போது நான்காவது கட்டடப் படிக்கட்டில் உட்காருகிறோம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படித் தாண்டினவர்களில் மூன்று பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் சொல்லிவிடு. பேசாமல் மட்டும் இருக்காதே.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 30

அண்ணாவுக்கு,

நான் இருக்கிறேன். நலமா என்று நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டீர்கள், அதற்கு இன்றுதான் பதில்.

அவர் நவம்பரிலிருந்து பஸ் ஓட்டவில்லை. இடது கால் விரல்கள் கறுத்துவிட்டன. புகையால் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைத்துவிட்டனவாம். மார்ச் பத்தொன்பதாம் தேதி இரண்டு விரல்களை எடுத்தார்கள். உங்கள் கடிதம் அதற்கு நான்கு நாள் முன்பு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். பெயரோடு வாசித்துக் காட்டுகிறேன், நல்ல பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தீர்கள்.

ஆரம்பத்திலேயே உங்களுக்கு எழுதத்தான் இருந்தேன். அவர்தான் வேண்டாம் என்றார். "உங்க அண்ணன் சிரிப்பாரு. கால் போனாலும் போகட்டும், அந்தச் சிரிப்பு வேணாம்." அவர் சொன்னது இதுதான். இல்லை, அண்ணா அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.

நிறுத்தினால் பாதம் தங்கும், நிறுத்தாவிட்டால் அடுத்தது முழங்காலுக்குக் கீழே என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் நிறுத்தவில்லை. இப்போது படி இறங்க முடியாது, குப்பை கொட்டப் போக முடியாது. பிறகு எப்படிப் பிடிக்கிறார் என்று கேட்பீர்கள்.

நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன்.

அவர் கேட்கிற குரலை என்னால் கேட்க முடியவில்லை. இறங்கிப் போய், தெரிந்தவர்கள் யாரும் இல்லாத கடையாகப் பார்த்து வாங்கி, மேலே வந்து, பற்ற வைத்தும் கொடுத்திருக்கிறேன். பிறகு குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு, உங்களுக்கு முதுகெலும்பு இல்லை என்று கடிதம் எழுத உட்காருவேன். உங்கள் பம்ப் அறைக்கு அந்தக் காகிதத்தை எழுதிய கைதான் இது. இப்போது சிரியுங்கள்.

உங்கள் தங்கை

*

மே 8

அன்புள்ள தங்கைக்கு,

சிரிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, படிக்கட்டுக்கும் போகவில்லை. ஹாரன் வந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனான்.

உங்கள் பெயரைச் சொல்லாமல் இஸ்திரிக்காரம்மாவிடம் மட்டும் கேட்டேன், வாங்கிக் கொடுக்கிறவர் என்ன செய்வது என்று. அவர் சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு என் தம்பி பொண்டாட்டிதான் வாங்கிக் குடுத்தா, அவளுக்கு மட்டுந்தான் தெரியும். பாவம் பாத்துத்தான் குடுத்தா. நீங்க சொல்றவங்களைத் திட்டாதீங்கண்ணே, அவங்க ஏற்கெனவே தன்னைத் திட்டிக்கிட்டுத்தான் இருப்பாங்க. அடுத்த தடவை கேட்டா, முடியாதுன்னு சண்டை போட வேணாம். பக்கத்துல உக்காந்து, எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு கேக்கச் சொல்லுங்க. அவர் பேசி முடிக்கற வரைக்கும் எந்திரிக்க வேணாம்."

இதை நீ செய்வாய். ஆனால் இது பெண்டாட்டியால் மட்டும் ஆகிற காரியம் இல்லை. அவருக்கு ஒரு ஜோடி வேண்டும். உங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை என்றால், என்னைப் போட்டுக்கொள்ளச் சொல். இத்துடன் அவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், ஒட்டியிருக்கிறேன். நீ படிக்காதே, பிழை திருத்தாதே.

நான் எழுதின அந்த வரிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதினால் அது பிரசுரத்து வரி மாதிரி இருக்கிறது. அண்ணியும் நானும் இந்த மாதக் கடைசியில் வருகிறோம்.

உன் அண்ணன்

*

மே 8

மாப்பிள்ளைக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. தெரியும்.

நான் சிரிப்பேன் என்று பயந்தீர்களாம். சரியாகத்தான் பயந்திருக்கிறீர்கள். போன வருஷம் கேள்விப்பட்டிருந்தால் சிரித்திருப்பேன், நாலு பேரிடம் சொல்லியும் இருப்பேன். அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு ரகசியம் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டுவிட்டேன் என்று ஆறாம் நாள் எல்லோரிடமும் மார்தட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய கட்டடத்தின் பதினான்காம் மாடியில், தீயணைப்புக்கு வைத்திருக்கும் மணல் வாளியில் யாரோ பாதி பிடித்து அணைத்த துண்டு ஒன்றைப் பார்த்தேன். எடுத்து, மணலை ஊதிவிட்டு, பற்ற வைத்தேன். அதில் உதட்டுச் சாயம் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன், என் உதட்டிலும் இருந்தது. அதோடுதான் கீழே இறங்கி வந்து காவலாளியிடம் வேலைச் சீட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இதை நான் ஹாரனிடம் சொல்லவில்லை, இஸ்திரிக்காரம்மாவிடம் சொல்லவில்லை. ஆறாம் நாளிலிருந்து திரும்ப எண்ணாமல், பன்னிரண்டு நாள் என்று உங்கள் பெண்டாட்டிக்குப் பொய் எழுதினேன். ஊருக்கு முன்னால் மைக்கில் பெரிய நியாயவான் மாதிரி பேசினேன்.

என் யோக்கியதை அவ்வளவுதான். இப்போது உங்களைத் திட்ட எனக்கு ஒரு தகுதி வந்திருக்கிறது.

'புகை பிடிக்காதீர்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவர் நீங்கள். பிடித்த பயணிகளை நடுரோட்டில் இறக்கிவிட்டேன் என்று என் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னீர்கள். இன்று உங்களை யார் இறக்கிவிடுவது? என் தங்கை ஒரு பக்கத்தில் பதினான்கு பிழை கண்டுபிடிக்கிறவள். அவளைத் தெரியாத கடையில் தலை குனிந்து நிற்க வைத்திருக்கிறீர்கள். காலைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை, அது உங்கள் கால். அவள் அப்படி நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கை பாக்கெட்டுக்குப் போனால் எனக்கு எழுதுங்கள். எழுதிவிட்டுப் பிடியுங்கள். யாரும் தடுக்கவில்லை.

மச்சான்

*

ஜூன் 14

மச்சானுக்கு,

நலம் என்று எழுதினால் நீங்கள் கிண்டல் செய்வீர்கள். உயிரோடு இருக்கிறேன். நீங்களும் அக்காவும் ஊர் போய்ச் சேர்ந்த விவரம் தெரிந்தது.

நேரில் வந்தபோது நாலு நாளும் நீங்கள் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன். முதலில் அதைக் கிழிக்கத்தான் போனேன். பஸ், பலகை என்று படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆளா என்னைச் சொல்வது என்று கடிதத்தின் மேல் பகுதிக்குத் திரும்பிப் போய் அந்த உதட்டுச் சாயத்தை மறுபடி படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து ஓடிவந்து, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நின்றாள். ஏன் சிரித்தேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

இன்றோடு பத்தொன்பது நாள். பதினொன்றாம் நாள் ஒன்று பிடித்தேன், பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கி. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால் எட்டு. எது சரி என்று உங்கள் படிக்கட்டில் கேட்டுச் சொல்லுங்கள். புண் காய்கிறது. மூன்றாவது விரலைப் பற்றி டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்ல மறுக்கிறார்.

உங்கள் தங்கை இப்போது வாங்கித் தருவதில்லை. நானும் கேட்பதில்லை என்று எழுத ஆசைதான். நேற்று மாலை கேட்டேன், கெஞ்சினேன். அவள் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை எனக்கு. உடனே தலையணைக்கு அடியிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படித்தேன். மறுபடியும் கோபம் வந்தது, மறுபடியும் சிரிப்பு வந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, கேட்ட அந்த அவசரம் எங்கேயோ போயிருந்தது.

ஆனால் இப்போது அந்தக் கடிதம் மனப்பாடம் ஆகிவிட்டது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் நீளமாகத் திட்டி எழுதுங்கள்.

மாப்பிள்ளை